யூடியூப்பில் டிசைன் பழகும் பிள்ளைகளுக்கு

வணக்கம் நேயர்களே. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற மாதங்களில், இங்கே திருகோணமலையில் எத்தனையோ பிள்ளைகள் யூடியூப்பைப் பார்த்து போட்டோஷொப் பழகுகிறார்கள். கொழும்பில் தங்கிக் காசு கட்டிப் படிக்க எல்லோராலும் முடியாது. ஆகவே நல்ல விஷயம்தான். அந்த வீடியோக்களில் பல நன்றாகவே சொல்லித் தருகின்றன. ஆனால் அவை சொல்லித் தருவது பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வைத்துச் செய்கிற டிசைன். உங்களுக்கு ஊரில் வரப்போகிற ஓடர் தமிழில் இருக்கும். அந்த இடைவெளியை எப்படிக் கடப்பது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

தலைப்பை எடுப்பாகக் காட்ட வேண்டுமா, எல்லாவற்றையும் பெரிய எழுத்தில், அதாவது கெப்பிட்டல் எழுத்தில் போடு, எழுத்துகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் விடு என்பார்கள். ஆங்கிலத்தில் அது பொருந்தும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேச்சே கிடையாது. இடைவெளியைக் கூட்டினால் பல மென்பொருள்களில் 'கோணேசர்' என்ற சொல்லின் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் போய்விடும். ஆகவே நாம் தலைப்பை அளவாலும் தடிப்பாலும் நிறத்தாலும்தான் தூக்கிக் காட்ட வேண்டும். வரிகளுக்கு நடுவேயும் இதே கதை. போட்டோஷொப் போன்ற அடோபி நிறுவன மென்பொருள்கள் தாமாக விடுகிற வரி இடைவெளி எழுத்தளவில் 120 சதவீதம். மேல் வரியில் 'மூ' கீழே இறங்கும், கீழ் வரியில் 'கீ' மேலே ஏறும், இரண்டும் முட்டிக்கொள்ளும். நான் 140, 150 என்றுதான் தொடங்குவேன்.

அப்புறம் அந்தப் பிரபலமான தலைவலி. போட்டோஷொப்பின் பழைய பதிப்புகளில் யூனிகோட் தமிழை, அதாவது இணையத்திலும் போனிலும் நாம் தட்டுகிற தமிழை, ஒட்டினால் 'கொ' உடைந்து கொம்பு இடம் மாறி நிற்கும். கொம்பியூட்டர் பழுதென்று நினைத்து மறுபடி மென்பொருளை ஏற்றுகிறவர்களும் உண்டு. பழுது ஒன்றுமில்லை. பிரெஃபரன்சஸில் டைப் என்ற பகுதிக்குப் போய் வேர்ல்ட் ரெடி லேஅவுட்டைத் தெரிவுசெய்ய வேண்டும். இன்னும் பழைய பதிப்பில் அது மத்திய கிழக்கு, தெற்காசிய மொழிகளுக்கான தெரிவு என்ற பெயரில் இருக்கும். அடோபியின் வரைகலை மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரிலும் பிரெஃபரன்சஸின் டைப் பகுதியிலேயே இண்டிக் ஆப்ஷன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கிற வரைகலை மென்பொருளான இங்ஸ்கேப்பில் இந்தத் தொல்லையே இல்லை. திருட்டுப் பதிப்பையும் அதோடு சேர்ந்து வருகிற வைரஸையும் இறக்குவதைவிட, பழகுகிற காலத்தில் இங்ஸ்கேப்பும், படம் திருத்துகிற இலவச மென்பொருளான கிம்பும் தாராளமாகப் போதும்.

நம் அச்சகங்கள் பாமினியை விடாமல் வைத்திருப்பதற்கும் எழுத்து உடைகிற இந்தத் தொல்லைதான் காரணம். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த எழுத்துரு. மென்பொருளுக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை, அதனால் உடைவதும் இல்லை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் மட்டும் எல்லாம் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். அச்சகத்தில் வேலை கேட்டுப் போகிற எண்ணம் இருந்தால் பாமினி விசைப்பலகையைப் பழகிக்கொண்டே போங்கள். யூனிகோடுக்கு கூகுள் ஃபொன்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, அரிமா எல்லாம் இலவசமாக இருக்கின்றன.

இனி எப்படிப் பழகுவது? வீடியோவை நிறுத்தி நிறுத்தி, அவர் செய்வதை அப்படியே செய்துகொண்டு போனால் முடிவில் அழகான ஒன்று வரும். அடுத்த நாள் வெற்றுப் பக்கத்தைத் திறந்தால் கை ஓடாது. முழுதாக ஒருமுறை பாருங்கள், மூடுங்கள், பிறகு செய்யுங்கள். மாட்டிக்கொண்ட இடத்துக்கு மட்டும் திரும்பப் போங்கள். செய்து பழகுவதற்கு, எங்குமே இல்லாத ஒரு கோப்பிக் கடையின் லோகோ வேண்டாம். வீட்டில் கிடக்கிற மரண அறிவித்தல் ஒன்றை எடுங்கள்.

சிரிக்காதீர்கள். நம் ஊரில் டிசைன் பழக அதைவிடக் கடினமான பாடம் இல்லை. உப்புவெளியைப் பிறப்பிடமாகவும் பாலையூற்றை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். அன்னார் காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், பாசமிகு தந்தையும், மாமனாரும், மைத்துனரும் என்று ஒரே வாக்கியம் கால் பக்கத்துக்கு ஓடும். குடும்பத்துக்கு அதில் ஒரு பெயரும் விடுபடக் கூடாது. சைக்கிளில் போகிறவருக்கோ யார், எப்போது, எந்த மயானம் என்ற மூன்று மட்டும் கண்ணில் பட வேண்டும். இரண்டு பேரையும் ஒரே தாளில் திருப்திப்படுத்த வேண்டும். உறவுமுறைச் சொற்களை ஒரு தடிப்பிலும் பெயர்களை இன்னொரு தடிப்பிலும் போட்டுப் பாருங்கள். வரியை எங்கே உடைப்பது என்று பாருங்கள். இன்னாரின் என்று ஒரு வரி முடிந்து, அன்புக் கணவரும் என்று அடுத்தது தொடங்கினால் படிப்பவர் தடுமாறுவார்.

படமும் ஒரு பாடம்தான். வட்ஸ்அப்பில் அனுப்பும்போது படம் சுருங்கிவிடும். டொக்கியுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். கலியாண வீட்டுக் கூட்டப் படத்திலிருந்து ஒரு முகத்தை வெட்டித் தரச் சொல்வார்கள், அதற்கு கோட்டும் டையும் ஒட்டச் சொல்வார்கள். வாழ்நாள் முழுக்கச் சட்டையோடு இருந்தவரை அப்படியே விடலாமே என்று நான் சொல்வதுண்டு. பெரும்பாலும் கோட்தான் வெல்லும்.

அச்சுக்குக் கொடுப்பது தனி விஷயம். திரையில் நிலாவெளிக் கடல் போல மின்னுகிற நீலம் தாளில் மங்கித்தான் வரும். திரை ஒளியில் நிறம் காட்டுகிறது, அச்சு நான்கு மையில் காட்டுகிறது. ஆகவே திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையில் செய்ததை அச்சுக்கான சிஎம்ஒய்கே நிறமுறைக்கு மாற்றிப் பார்த்த பிறகே வாடிக்கையாளருக்கு நிறத்தைச் சொல்லுங்கள். அச்சடித்த தாளின் ஓரத்தை வெட்டுவார்கள், அதற்கு நாலு பக்கமும் 3 மில்லிமீற்றர் கூடுதலாக விடுங்கள். நோட்டீஸுக்குப் படம் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும், தூரத்தில் நின்று பார்க்கிற பெரிய பனருக்கு 100 இருந்தாலே போதும். எழுத்தை உருவமாக மாற்றிய பைலை அச்சகத்துக்குக் கொடுங்கள். திருத்தக்கூடிய பைல் உங்களிடம் இருக்கட்டும், ஏனென்றால் ஒரு மைத்துனரின் பெயர் விடுபட்டதென்று இரவு போன் வரும்.

கடைசியாக, நம் ஊருக்கே உரிய ஒன்று. புறாத்தீவுக்குப் படகு விடுகிறவரின் பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வேண்டும். மூன்றையும் ஒரே எண் அளவில் போட்டால் மூன்றும் ஒரே பருமனாகத் தெரியாது. எண்ணை விட்டுவிட்டு, சில அடி தள்ளி நின்று கண்ணால் பார்த்துச் சமப்படுத்துங்கள். தமிழ் வரி பெரும்பாலும் நீளும், அதைக் கீழே பொடி எழுத்தில் ஒதுக்குகிற வேலை மட்டும் வேண்டாம். சிங்களத்தை மொழிபெயர்ப்புச் செயலியிலிருந்து எடுத்து ஒட்டாதீர்கள். சிங்களம் வாசிக்கிற ஒருவர் உங்கள் தெருவிலேயே இருப்பார், பலகையில் ஏறுமுன் அவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். நன்றி, வணக்கம்.