இருட்டிய பின் வரும் நிலையங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

என் சிறுவயதில் எங்கள் வீட்டுத் திண்ணையில், தோலுறை போட்ட டிரான்சிஸ்டர் ஒன்று இருந்தது. பகலெல்லாம் பக்கத்து நிலையத்தைத் தவிர வேறெதையும் எடுக்காத அந்தப் பெட்டி, விளக்கு வைக்கும் நேரம் கடந்துவிட்டால் வேறு பெட்டியாகிவிடும். முள்ளை நூலிழை நகர்த்தினால் இந்தியில் செய்தி கேட்கும். இன்னொரு நூலிழை நகர்த்தினால் எந்த மொழியென்று தெரியாத ஒரு பாட்டு வரும். அந்தப் பாட்டும் நிலையாக நிற்காது, நெருங்கி வந்து, சரணம் முடிவதற்குள் தேய்ந்து, மறுபடி எழும். அப்பா பேட்டரியைக் கழற்றி உள்ளங்கையில் தேய்த்துப் போட்டுப் பார்ப்பார். கடைத்தெருவில் பழுது பார்க்கிறவரிடம் கொண்டுபோனால், "செட்டில் ஒன்றுமில்லை, ராத்திரியில் அப்படித்தான் இழுக்கும்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவர் சொன்னது முழு உண்மை. அந்த ஏற்ற இறக்கம் பெட்டியின் கோளாறு அன்று. தலைக்கு மேலே நூறு கிலோமீட்டர் உயரத்தில் நடப்பதைத்தான் அது நமக்கு ஒலிபரப்பிக்கொண்டிருந்தது.

அந்தப் பெட்டி எடுத்த மத்திய அலை, அதாவது மீடியம் வேவ், பகலில் எப்படி வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 416 மீட்டர். இத்தனை நீளமான அலை நிலத்தின் மேற்பரப்பை ஒட்டித் தவழ்ந்து செல்லும். செல்லச் செல்ல நிலம் அதன் ஆற்றலை உறிஞ்சிவிடும். வறண்ட கரட்டு நிலத்தில் விரைவில் களைத்துப்போகும் அதே அலை, மின்சாரத்தை நன்கு கடத்தும் உப்புநீரின் மேல் வெகுதூரம் போகும். இலங்கையின் மத்திய அலை ஒலிபரப்பு பாக் நீரிணையைத் தாண்டி நம் கடற்கரை ஊர்களுக்குப் பட்டப்பகலில் தெளிவாக எட்டுவதற்குக் கடலும் ஒரு காரணம்.

நிலத்தை ஒட்டிப் போவது அலையின் ஒரு பகுதிதான். மற்றொரு பகுதி வானத்தை நோக்கி ஏறுகிறது. சூரியனின் புறஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் ஏறத்தாழ 60 கிலோமீட்டருக்கு மேலுள்ள காற்றின் அணுக்களிலிருந்தும் மூலக்கூறுகளிலிருந்தும் எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கின்றன. அவ்வாறு மின்னேற்றம் பெற்ற பகுதியை அயனிமண்டலம் என்கிறோம். அதில் 60 முதல் 90 கிலோமீட்டர் வரை டி அடுக்கு, அதற்கு மேல் ஈ அடுக்கு, இன்னும் உயரே எஃப் அடுக்கு. ஏ, பி, சி எங்கே போயின என்று கேட்பீர்கள். இவற்றை ஆராய்ந்த ஆங்கிலேயர் எட்வர்ட் ஆப்பிள்டன், தாம் முதலில் கண்ட அடுக்குக்கு மின்புலத்தின் குறியான ஈ எழுத்தைக் கொடுத்தார்; கீழேயும் மேலேயும் வேறு அடுக்குகள் தென்படக்கூடும் என்று இருபுறமும் எழுத்துகளுக்கு இடம் விட்டுவைத்தார். கீழே ஓர் எழுத்துதான் தேவைப்பட்டது.

இரவு பகல் வேற்றுமைக்குக் காரணம் டி அடுக்கு. வானொலி அலை ஓர் எலக்ட்ரானைத் தொட்டதும், அந்த எலக்ட்ரான் அலையின் தாளத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் ஆடத் தொடங்குகிறது. இடையூறின்றி ஆட முடிந்தால், வாங்கிய ஆற்றலை அது மறுபடி அலையாகவே வெளியிட்டுவிடும். அப்படிக் கோடானுகோடி எலக்ட்ரான்கள் சேர்ந்து வெளியிடுவதால்தான் அலை வளைந்து பூமிக்குத் திரும்புகிறது. ஆனால் 80 கிலோமீட்டர் உயரத்தில் காற்று இன்னும் அவ்வளவு மெலிந்துவிடவில்லை. தேர்த்திருவிழா நெரிசலில் கைவீசி நடக்க முயல்பவரைப் போல, அங்குள்ள எலக்ட்ரான் பாதி ஆட்டத்திலேயே ஒரு மூலக்கூறின் மேல் மோதி, வாங்கிய ஆற்றலை வெப்பமாகக் கொட்டிவிடுகிறது. பகலில் மேலே ஏறும் மத்திய அலை பெரும்பாலும் இப்படித்தான் வீணாகிறது.

அதே நெரிசலே மாலையில் நமக்கு உதவுகிறது. சூரியன் மறைந்ததும் புதிய எலக்ட்ரான்கள் பிறப்பது நின்றுவிட, இருப்பவை அருகிலுள்ள துகள்களோடு விரைவில் ஒட்டிக்கொள்வதால் டி அடுக்கு சிறிது நேரத்திலேயே கரைந்துபோகிறது. எஃப் அடுக்கு இருக்கும் 250, 300 கிலோமீட்டர் உயரத்திலோ, காற்று மிக மெலிது. பிரிந்த எலக்ட்ரானுக்கு இணை கிடைப்பது அரிது என்பதால் அந்த அடுக்கு இளைத்தாலும் விடியும் வரை தாக்குப்பிடிக்கிறது. ஈ அடுக்கும் மிக இளைத்தாலும், மத்திய அலையைத் திருப்பும் அளவுக்கு எஞ்சுகிறது. உறிஞ்சும் திரை விலகி, திருப்பி அனுப்பும் கூரை மட்டும் எஞ்ச, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நிலையம் திண்ணைக்கு வந்து சேர்கிறது. பண்பலைக்கு இந்த வாய்ப்பு இல்லை. 100 மெகாஹெர்ட்ஸ் அளவில் அதிரும் அந்த அலை, கூரையைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும்.

இந்த வேற்றுமையை முதலில் தெளிவாகப் பதிவு செய்தவர் மார்க்கோனி. 1901 டிசம்பரில் இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து அனுப்பிய மோர்ஸ் குறியின் மூன்று புள்ளிகளை, அட்லாண்டிக்குக்கு மறுகரையில், பட்டத்தில் கட்டிய கம்பியைக் கொண்டு கேட்டதாக அவர் அறிவித்தார். அது பட்டப்பகலில் நடந்ததென்பதால், உண்மையில் கேட்டாரா, இரைச்சலைச் செய்தியென்று எண்ணினாரா என்னும் ஐயம் இன்றும் உண்டு. டி அடுக்கை அறிந்த பின் எனக்கும் அந்த ஐயம் உண்டு. ஆனால் 1902 பிப்ரவரியில் பிலடெல்பியா என்ற கப்பலில் செய்த சோதனையை யாரும் மறுப்பதில்லை. பகலில் ஏறத்தாழ 1,100 கிலோமீட்டரோடு நின்றுபோன சைகை, இரவில் 3,000 கிலோமீட்டரையும் தாண்டி வந்தது. அதே ஆண்டில் கென்னலி, ஹெவிசைடு ஆகிய இருவரும், மின்சாரத்தைக் கடத்தும் ஓர் அடுக்கு வானில் இருக்க வேண்டும் என்று தனித்தனியே எழுதினார்கள்.

அதை மெய்ப்பித்த கருவி, என் அப்பாவைச் சலிப்படைய வைத்த அதே தேய்வும் எழுச்சியும்தான். ஒரே நிலையத்தின் அலை தரை வழியாகவும் வானத்தின் வழியாகவும் வந்து சேரும்போது, இரண்டின் முகடுகளும் ஒத்தால் ஒலி ஓங்கும். ஒன்றின் முகடு மற்றொன்றின் பள்ளத்தில் விழுந்தால் மங்கும். 1924 டிசம்பரில் ஆப்பிள்டனும் பார்னெட்டும், போர்ன்மவுத் நிலையத்தின் நிகழ்ச்சிகள் முடிந்த பின் அதன் அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாக மாற்றச் செய்து, ஆக்ஸ்போர்டில் ஒலி எத்தனை முறை ஓங்கி மங்குகிறது என்று எண்ணினார்கள். அந்த எண்ணிக்கையிலிருந்து, அலை திரும்பிய உயரம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் என்று கணக்கிட்டார்கள். 1947இல் ஆப்பிள்டனுக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் தென்கோடிக்கு இதில் தனி இடம் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. அதன் நேர்மேலே, 100 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டிய உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு பெரும் மின்னோட்டம் கிழக்கு நோக்கி ஓடுகிறது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா ராக்கெட் தளமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது இதை ஆராய்வதற்காகத்தான். 1963 நவம்பர் 21 மாலையில் அங்கிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் வானில் சோடியம் ஆவியை உமிழ்ந்தது. அந்த ஒளிரும் மேகம் தமிழ்நாட்டிலும் தெரிந்தது. இந்த வட்டாரத்தின் வானம் மாலையில் இன்னொரு குறும்பும் செய்யும்: எஃப் அடுக்கின் அடியிலிருந்து எலக்ட்ரான் குறைந்த குமிழிகள் எழும்பும். விண்மீன் மினுக்குவது போல் செயற்கைக்கோள் சைகைகள் அப்போது மினுக்கும். இடங்காட்டும் கருவி தடுமாறக்கூடும். விமானங்களுக்கு இடங்காட்ட உருவாக்கிய ககன் என்னும் செயற்கைக்கோள் அமைப்பில், அயனிமண்டலத்தால் நேரும் பிழையைத் திருத்துவதற்கெனத் தனிக் கணக்கு முறை வகுக்க வேண்டியிருந்தது.

வீட்டில் பழைய பெட்டி இருந்தால் இன்று மாலை ஐந்தரை மணிக்கு மொட்டை மாடிக்கு எடுத்துச் செல்லுங்கள். கீழே வைத்தால் எல்இடி விளக்கும் கைப்பேசி சார்ஜரும் இரைச்சலால் காதை அடைத்துவிடும். மத்திய அலையில் ஒன்றுமே கேட்காத ஓர் இடத்தில் முள்ளை நிறுத்துங்கள். பெட்டியை மெல்லச் சுழற்றியும் பாருங்கள். உள்ளே பென்சில் தடிமனில் கிடக்கும் கரிய ஃபெரைட் தண்டுதான் ஏரியல், அதன் நுனி நிலையத்தை நோக்கினால் ஒலி குறைந்துபோகும். ஆறரை மணிவாக்கில் இரைச்சலுக்குள்ளிருந்து யாரோ பேசுவது போல் முதலில் தோன்றும். ஏழு மணிக்குள் அது எந்த மொழியென்று தெரிந்துவிடும். நன்றி, வணக்கம்.