விமானம் பற்றி எதை முதலில் படிப்பது?

அவையோருக்கு வணக்கம்.

விமானத்தைப் பற்றிப் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்டால், விபத்துக் கதையோ விமானியின் சுயசரிதையோதான் பெரும்பாலும் கைக்கு வரும். அவற்றுக்கும் வருகிறேன். ஆனால் முதலில் படிக்க வேண்டியது 1944இல் வந்த ஒரு பழைய புத்தகம்: வுல்ஃப்காங் லாங்கவீஷ எழுதிய ‘ஸ்டிக் அண்ட் ரடர்’. பேசுவதெல்லாம் அந்தக் காலத்துச் சின்னப் புரொப்பல்லர் விமானங்களைப் பற்றித்தான். இருந்தாலும் தாக்குகோணத்தை, அதாவது எதிர்க்காற்று இறக்கையை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்பதை, அந்த அளவுக்குத் தெளிவாக விளக்கிய புத்தகம் அரிது.

மூக்கு எங்கே பார்க்கிறது என்பது வேறு, தாக்குகோணம் வேறு. மூக்கைக் கிடையாக வைத்துக்கொண்டே ஒரு விமானம் கீழே விழுந்துகொண்டிருந்தால், காற்று அடியிலிருந்து வருகிறது. கோணம் மிகப் பெரிது. ஏறத்தாழ 15 டிகிரியைத் தாண்டியதும் இறக்கையின் மேற்புறத்தை ஒட்டி ஓடிய காற்று பிய்த்துக்கொள்ளும், தூக்குவிசை சரியும். இதுதான் ஸ்டால். இன்ஜின் நின்றுபோவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நம் செய்தித்தாள்கள் இரண்டையும் போட்டுக் குழப்புகின்றன. மீள வேண்டுமென்றால் முதலில் ஸ்டிக்கை, அதாவது விமானியின் கட்டுப்பாட்டுக் கைப்பிடியை, முன்னால் தள்ளிக் கோணத்தைக் குறைக்க வேண்டும். ஆனால் விழும்போது கை தானாகப் பின்னால்தான் இழுக்கும். சிக்கலே அங்கேதான்.

இதைப் புரிந்துகொண்ட கையோடு, புத்தகமே அல்லாத ஒன்றைப் படியுங்கள்: ஏர் பிரான்ஸ் 447 பற்றிப் பிரெஞ்சு விசாரணை அமைப்பு 2012 ஜூலையில் வெளியிட்ட இறுதி அறிக்கை. 200 பக்கத்துக்கு மேல். ஆங்கிலத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. 2009 ஜூன் 1, அட்லாண்டிக் மேலே, 35,000 அடி. வேகம் அளக்கும் பிட்டோ குழாய்களைப் பனிப்படிகங்கள் அடைக்கின்றன, ஆட்டோபைலட் விலகுகிறது. துணை விமானி ஸ்டிக்கைப் பின்னால் இழுக்கிறார். விமானம் 38,000 அடி வரை ஏறி ஸ்டால் ஆகிறது. அங்கிருந்து கடலைத் தொடும்வரை, ஏறத்தாழ மூன்றரை நிமிடம், தாக்குகோணம் 35 டிகிரிக்குக் கீழே வரவே இல்லை. 228 பேர் இறந்தார்கள்.

அந்த அறிக்கையில் ஓர் இடத்தை நிறுத்திப் படிக்க வேண்டும். அளவிடப்பட்ட வேகம் 60 நாட்ஸுக்கு (மணிக்கு ஏறத்தாழ 110 கி.மீ.) கீழே போனால் தாக்குகோண அளவீடு செல்லாது என்று கணினி ஒதுக்கிவிடும். ஸ்டால் எச்சரிக்கையும் நின்றுவிடும். விளைவு? மூக்கைத் தூக்கியிருக்கும்போது அமைதி. சரியானதைச் செய்து மூக்கை இறக்கினால் எச்சரிக்கை மறுபடி அலறுகிறது. அந்தக் காக்பிட்டின் குழப்பத்துக்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் வேண்டியதில்லை. லாங்கவீஷயின் மகன் வில்லியம் 2014இல் இதே விபத்தைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். அதையும் சேர்த்துப் படிக்கலாம்.

அறிக்கைகளை முதல் பக்கத்திலிருந்து படித்தால் அலுத்துவிடும். உண்மை விவரங்கள், பகுப்பாய்வு, முடிவுகள், பரிந்துரைகள் என்பது அவற்றின் அமைப்பு. முடிவுகளை முதலில் பார்த்து, பிறகு பகுப்பாய்வுக்குப் போங்கள். சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் விவரப் பகுதியைத் திறந்தால் போதும்.

பீட்டர் ராபிசனின் ‘ஃப்ளையிங் பிளைண்ட்’ (2021) போயிங் 737 மேக்ஸ் பற்றியது. அங்கும் அதே கோணம்தான். விமானத்தில் தாக்குகோண உணரிகள் இரண்டு இருந்தும், மூக்கைக் கீழே தள்ளும் மென்பொருள் ஒன்றை மட்டுமே நம்பியது. இந்தோனேசியாவின் லயன் ஏர் விமானத்தில் அந்த ஒன்று 21 டிகிரி தவறாகக் காட்டியது. அங்கே 189 பேர். ஐந்து மாதம்கூட ஆகாமல் எத்தியோப்பியாவில் 157 பேர்.

எழுத்துக்காகப் படிக்க வேண்டுமானால் விமானி எர்னஸ்ட் கேன் எழுதிய ‘ஃபேட் இஸ் த ஹன்டர்’ (1961). போர்க்காலத்தில் ஆக்ராவில், தான் கேட்டதைவிட அதிக எரிபொருள் ஏற்றப்பட்டது தெரியாமல் சி-87 என்ற சரக்கு விமானத்தைக் கிளப்பி, தாஜ்மகாலில் மோத இருந்த கதை அதில் உண்டு. கடைசி நொடியில் ஃபிளாப்பை, அதாவது இறக்கையின் பின்விளிம்பில் உள்ள பலகையை, இறக்கித் தப்புகிறார். ஃபிளாப் ஒரு கணம் விமானத்தை உயர்த்தும், உடனே இழுவை கூடி வேகத்தைத் தின்னும். அதனால்தான் அது கடைசி நொடிக்கான வித்தை.

தொழில் பக்கம் வந்தால், கேப்டன் கோபிநாத்தின் ‘சிம்ப்ளி ஃப்ளை’. இதைத் தழுவி வந்த ‘சூரரைப் போற்று’ படத்தைப் பார்த்தவர்கள் சோழவந்தானைத் தேடாதீர்கள். இவர் கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்துக்காரர். ராணுவத்தை விட்டு விவசாயம், பிறகு ஹெலிகாப்டர் நிறுவனம், 2003இல் ஏர் டெக்கான் என்ற மலிவுக் கட்டண விமான நிறுவனம். படம் விட்டுவிட்ட விவசாயப் பக்கங்கள்தான் என் கணிப்பில் புத்தகத்தின் நல்ல பகுதி. சுயசரிதை என்பதால் வரவுசெலவுப் பக்கத்தைச் சற்றுச் சந்தேகத்தோடு படிக்கலாம்.

விமானம் செய்பவர்களின் சூதாட்டத்துக்கு ஜான் நியூஹவுஸின் ‘த ஸ்போர்ட்டி கேம்’ (1982). லாக்ஹீட் டிரைஸ்டார், டிசி-10 இரண்டும் மூன்று இன்ஜின் விமானங்கள், ஒரே சந்தை. டிரைஸ்டாரின் ஆர்பி211 இன்ஜினை உருவாக்கிய செலவே 1971இல் அதைச் செய்த ரோல்ஸ் ராய்ஸைத் திவாலாக்கியது. லாக்ஹீட் 250 டிரைஸ்டார்கள் செய்துவிட்டு, பயணிகள் ஜெட் தொழிலையே விட்டது. டிசி-10ஐச் செய்த மெக்டானல் டக்ளஸை 1997இல் போயிங் வாங்கியது. அதன் பின்விளைவைத்தான் ராபிசன் எழுதுகிறார். எனவே நியூஹவுஸைப் படித்துவிட்டு அவரிடம் போவது நல்லது.