அக்கா பட்டன் எது?

நேயர்களுக்கு வணக்கம்.

பழமையில் ஊறிய சமூகங்களில் பெண்களும் தன்பாலீர்ப்பாளர்களும் பெரிய பதவிக்கு எப்படி வருகிறார்கள் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் 28 வருஷம் பாடம் நடத்தியவள் நான். எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து, ஒரு வாக்குச்சாவடியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

2012 பிப்ரவரியில் மும்பை மாநகராட்சித் தேர்தல். ஆசிரியர்களுக்குத் தேர்தல் வேலை போடுவது உங்களுக்குத் தெரியும். எனக்கு விரலில் மை வைக்கிற வேலை. மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் ஒரு பாட்டி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. மை வைத்த விரலை வாயால் ஊதிக்கொண்டே என் பக்கம் குனிந்து, "டீச்சரம்மா, அக்கா பட்டன் எது?" என்று கேட்டார். நான் எதுவும் சொல்லக் கூடாது. "சின்னத்தைப் பார்த்து அமுக்குங்க பாட்டி" என்று மட்டும் சொன்னேன். இதில் இன்னொரு விஷயம், அந்த வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட வார்டு. நின்ற எல்லாருமே பெண்கள். பாட்டி சொன்ன அக்கா யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

2011இல் மகாராஷ்டிரா அரசு உள்ளாட்சியில் பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கிச் சட்டம் கொண்டுவந்தது. மும்பையில் மொத்தம் 227 வார்டுகள். அதில் பாதிக்கு மேல் பெண்கள் வந்து உட்கார்ந்தது அந்த 2012 தேர்தலில்தான். ஒரே இரவில் சுவரெல்லாம் பெண் முகங்கள். ஆனால் அந்த பேனர்களை நின்று பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். அம்மா கைகூப்பி நிற்பார். அவருக்குப் பக்கத்தில், அதே அளவில், சில நேரம் இன்னும் கொஞ்சம் பெரிதாக, அவர் புருஷன் நிற்பார். ஓட்டுக் கேட்கிறவர் யார் என்று பெயரைப் படித்தால்தான் தெரியும்.

நாங்கள் அப்போது குடியிருந்த சாலில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், பெண்கள் கழிப்பறைக்குக் கதவு இல்லை. ஒரு சாக்குத் துணியைத் தொங்கவிட்டிருப்போம். புதிதாக ஜெயித்த நகர்சேவிகா, அதாவது பெண் கவுன்சிலர், வீட்டுக்கு மனுவோடு போனோம். நாற்காலியில் உட்கார்ந்து மனுவை வாங்கியவர் அவர் கணவர். "பார்த்துக்கலாம்" என்று மடித்து வைத்தார். அந்தம்மா உள்ளேயிருந்து டீ கொண்டுவந்தார். தட்டைக் கீழே வைக்காமல் நின்றபடியே, "எத்தனை பேர் இருக்கீங்க? ராத்திரி என்ன பண்றீங்க?" என்று கேட்டார். அந்த இரண்டாவது கேள்வியைக் கணவர் கேட்டிருக்க மாட்டார். கேட்கத் தோன்றியிருக்காது. ஒரு மாதத்தில் கதவு வந்தது. தாழ்ப்பாள் உள்பக்கம் சரியாக விழுகிறதா என்று பார்க்க அவரே வந்தார். மூன்றாவது வருஷம் நான் போன் செய்தபோது எடுத்ததும் அவர்தான். புருஷன் பெயரில் வந்தவர்கள் எல்லாம் பொம்மைகள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

சரி, பாட்டியின் அக்காவுக்கு வருகிறேன்.

மராத்தியில் தாயி என்றால் அக்கா. நம் காதுக்குத் தாய் என்று விழும். தாராவிக்கு 2004 முதல் 20 வருஷம் வர்ஷா கெய்க்வாட் எம்எல்ஏவாக இருந்தார். வர்ஷா தாயி என்பார்கள். அவர் அப்பா ஏக்நாத் கெய்க்வாட் தாராவியில் பழைய ஆள். 2024இல் வர்ஷா மக்களவைக்குப் போக, தாராவி அவர் தங்கை ஜோதியைத் தேர்ந்தெடுத்தது. சென்னையில் ஜெயலலிதா அம்மா. கொல்கத்தாவில் மம்தா தீதி, அதாவது அக்கா. லக்னோவில் மாயாவதி பெஹன்ஜி, சகோதரி. இந்திரா காந்தியை நம்மவர்கள் அன்னை இந்திரா என்று எழுதினார்கள்.

பெண் வீட்டைவிட்டு வெளியே வந்து அந்நிய ஆண்கள் முன்னால் மைக் பிடிப்பதை ஏற்காத சமூகம், அவளை முதலில் வீட்டுக்குள் இழுத்துக்கொள்கிறது. உறவு சொல்லிவிட்டால் அவள் அந்நியப் பெண் இல்லை. அக்கா அதட்டலாம், அம்மா அடிக்கலாம், அம்மா காலில் விழலாம். ஒரு பெண்ணின் அதிகாரத்துக்கு நாம் பழகியிருக்கிற ஒரே இடம் வீடு. அந்தப் பழக்கத்தை அப்படியே கோட்டைக்குக் கொண்டுபோகிறோம். இதை நான் குறைவாகப் பேசமாட்டேன். இந்த வழியில்தான் பலர் உள்ளே வந்தார்கள். பழமை குறைவு என்று பெயர் வாங்கிய மகாராஷ்டிரா 1960இல் பிறந்தது. அதற்கு இதுவரை ஒரு பெண் முதல்வர் கிடைத்ததில்லை. தமிழ்நாட்டில் 1988இல் ஜானகி அம்மாள், 1991இல் ஜெயலலிதா. உத்தரப் பிரதேசத்தில் 1995இல் மாயாவதி, ஒரு தலித் பெண் முதல்வர்.

உலகத்திலேயே முதல் பெண் பிரதமர் நம் பக்கத்துத் தீவில்தான் வந்தார். 1960 ஜூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்கா. முந்தின வருஷம் கணவர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். விதவையாக வந்து கட்சிக்கு ஓட்டுக் கேட்டார், கட்சி ஜெயித்தது. பெனசீர் பூட்டோ, ஷேக் ஹசீனா, காலிதா ஜியா எல்லாரும் ஏதோ ஒரு சாவு வீட்டிலிருந்து, மகளாகவோ மனைவியாகவோ புறப்பட்டவர்கள்தான். ஆனால் சிறிமாவோ பெயரைச் சொன்னால் தமிழர்களுக்கு இன்னொன்று ஞாபகம் வர வேண்டும். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்று இரண்டு அரசுகள் பங்கு போட்டன. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்து பறித்த பெண்களிடம் எந்த ஊர் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. உலகின் முதல் பெண் பிரதமரும் கேட்கவில்லை. பெண் மேலே போனாலே கீழே உள்ள பெண்ணுக்கு விடிவு என்று நான் சொல்லாததற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

இப்போது ஆண் பக்கம் வருவோம். ஒரு ஆண், தனக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு என்று வெளிப்படையாகச் சொன்னவர், ஓட்டுக் கேட்டு வந்தால்?

சிந்துதுர்க் மாவட்டத்தில் மால்வண் பக்கம் வரத் என்று ஒரு கிராமம். அந்த ஊர்க் குடும்பத்தைச் சேர்ந்த மும்பை டாக்டர் ஒருவர் இங்கிலாந்து போய், அங்கே ஓர் அயர்லாந்து நர்ஸைக் கல்யாணம் செய்து, அயர்லாந்தில் குடியேறினார். அவர்களுக்கு 1979இல் டப்ளினில் பிறந்த மகன் லியோ வரத்கர். 2015 ஜனவரி 18, அவருக்கு 36ஆவது பிறந்தநாள். அப்போது சுகாதார அமைச்சர். இன்று நான் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு வானொலி நிலையத்தில் உட்கார்ந்து, தான் ஒரு தன்பாலீர்ப்பாளர் என்று நாட்டுக்கே சொன்னார். அந்த வருஷம் மே மாதம் ஒருபாலினத் திருமணத்துக்கு நாடு முழுவதும் வாக்கெடுப்பு. 62 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். 2017 ஜூனில் அவர் பிரதமர்.

அயர்லாந்து ஒன்றும் தாராளமான ஊராக இருந்ததில்லை. தேவாலயம் சொன்னதே வேதம். விவாகரத்தை அனுமதிக்கவே 1995இல் வாக்கெடுப்பு நடத்த வேண்டியிருந்தது. அதுவும் நூலிழையில் ஜெயித்தது. ஆணும் ஆணும் சேர்ந்தால் குற்றம் என்ற சட்டம் 1993 வரை இருந்தது. அந்தச் சட்டம் போன கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. டேவிட் நோரிஸ் என்பவர் அதை எதிர்த்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 1988இல் ஜெயித்தார். அவருக்காக வாதாடிய வழக்கறிஞர் மேரி ராபின்சன். 1990இல் அதே மேரி ராபின்சன் அயர்லாந்தின் முதல் பெண் குடியரசுத் தலைவர் ஆனார். 1993இல் அந்தச் சட்டத்தை நீக்கும் மசோதா அவர் மேஜைக்கு வந்தது. வாதாடிய கையே கையெழுத்துப் போட்டது. பெண்கள் மேலே வருவதும் தன்பாலீர்ப்பாளர்கள் மேலே வருவதும் இரண்டு தனித்தனிக் கதைகள் என்று நினைக்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

வரத்கர் பிரதமரான அன்று வரத் கிராமம் கொண்டாடியது. மும்பைப் பத்திரிகைகள் நம்ம ஊர்ப் பிள்ளை என்று எழுதின. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அது 2017. நம் நாட்டில் அதே உறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு அப்போது உயிரோடு இருந்தது. உச்ச நீதிமன்றம் அதன் பிடியைத் தளர்த்தியது 2018 செப்டம்பர் 6இல். அயர்லாந்துச் சட்டமும் நம் சட்டமும் ஒரே ஆங்கிலேயர்கள் 1861, 1860 என்று அடுத்தடுத்த வருஷங்களில் எழுதியவை. அங்கே பிரதமராகிற அதே பிள்ளை அப்பாவின் ஊரில் வளர்ந்திருந்தால், சட்டத்தின் கண்ணில் குற்றவாளி. 2019 டிசம்பரில் அவர் குடும்பத்தோடு வரத்துக்கு வந்தபோது மாலை போட்டு வரவேற்றார்கள். அதற்குள் சட்டம் மாறியிருந்தது.

சட்டம் மாறியாகிவிட்டது, பிறகென்ன தடை? இங்கேதான் பாட்டியின் அக்கா மறுபடி வருகிறாள். நம் உறவுச் சொற்கள் தனியாக வருவதில்லை. அக்கா என்றால் அத்தான் உண்டு. இல்லாவிட்டால் ஊருக்காகக் கல்யாணம் வேண்டாம் என்று விட்டவள் என்று ஒரு மரியாதை உண்டு. அண்ணன் என்றால் அடுத்த கேள்வி, அண்ணி எங்கே? ஒரு பெண்ணுக்குக் கதவைத் திறந்த அதே உறவுச் சொல், தன்பாலீர்ப்பாளருக்கு முன்னால் தாழ்ப்பாளாக விழுகிறது.

திருநங்கைகளுக்குக்கூட ஒரு சொல் கிடைத்தது. 2000இல் மத்தியப் பிரதேசம் சோஹாக்பூரில் ஷப்னம் மௌசி எம்எல்ஏ ஆனார். மௌசி என்றால் அம்மாவின் தங்கை, நம் சித்தி. 2022இல் வேலூர் மாநகராட்சிக்குத் திருநங்கை கங்கா கவுன்சிலராக வந்தார். தன்பாலீர்ப்பாளருக்கோ சமீபம் வரை தமிழில் மரியாதையான பெயரே புழக்கத்தில் இல்லை. பத்திரிகைகள் எழுதியது ஓரினச்சேர்க்கை. அது செயலைச் சொல்கிறது, ஆளைச் சொல்லவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் வற்புறுத்திய பிறகு, 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ஒரு சொற்பட்டியல் வெளியிட்டது. நான் பேச்சின் தொடக்கத்திலிருந்து சொல்லிவரும் தன்பாலீர்ப்பாளர் என்ற சொல் அதில் உள்ளதுதான்.

பதவி மட்டும் வந்தால் எல்லாம் வந்துவிடாது என்பதற்கு செர்பியாவைப் பாருங்கள். 2017இல் அனா பிர்னபிச் அங்கே பிரதமர். பெண், தன்பாலீர்ப்பாளர், இரண்டும். 2019இல் அவர் துணைவி ஒரு மகனைப் பெற்றார். அந்த இருவரையும் தம்பதி என்று ஏற்கும் சட்டம் செர்பியாவில் இல்லை. கிட்டத்தட்ட 7 வருஷம் பிரதமராக இருந்தும் அது வரவில்லை. நம் பக்கம், 2022 ஏப்ரலில் பாராமதி எம்பி சுப்ரியா சுலே ஒருபாலினத் திருமணத்துக்கு இடம் தரும் தனிநபர் மசோதாவை மக்களவையில் கொண்டுவந்தார். அவரையும் தாயி என்றுதான் அழைப்பார்கள். தனிநபர் மசோதாக்கள் நிறைவேறுவது அபூர்வம். ஆனாலும் ஒரு அக்கா கேட்டுவிட்டார் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த பையன் ஒருவன். இப்போது 30 தாண்டிவிட்டான். தமிழ், மராத்தி, இந்தி மூன்றிலும் மனு எழுதுவான். குழாயில் தண்ணீர் வராவிட்டால், ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனால், தாராவி 90 அடி ரோட்டில் அவனைத்தான் தேடுவார்கள். தன்னைப் பற்றி என்னிடம் சொன்னது நான் ஓய்வு பெற்ற வருஷம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. போன பொங்கலுக்கு வந்தவனிடம், நீ ஏன் வார்டுக்கு நிற்கக் கூடாது என்று கேட்டேன். கரும்பை உரித்துக்கொண்டே இருந்தான்.

"பேனர்ல அண்ணன்னு போடுவாங்க டீச்சர்," என்றான். "பக்கத்துல யார் போட்டோ போடுறது?"

அவனோடு வந்திருந்த சிநேகிதன் தலையைத் தூக்காமல் சக்கையைப் பொறுக்கித் தாளில் போட்டுக்கொண்டிருந்தான். நான் இரண்டு பேருக்கும் இன்னொரு கரண்டி பொங்கல் வைத்தேன். அப்போதைக்கு எனக்கு வேறு பதில் வரவில்லை.

வணக்கம்.