அணைக்குள் போன ஆற்றுப் பாய்ச்சல்

வணக்கம் மக்களே. இன்றைக்குச் செக் இசையமைப்பாளர் பெட்ரிக் ஸ்மெத்தனாவின் 'வல்தாவா' என்ற ஆர்க்கெஸ்ட்ரா இசையைப் பற்றிப் பேசப் போகிறேன், ஆனால் இசை எதையும் போட்டுக் காட்டப் போவதில்லை. ஸ்மெத்தனா 1884இலேயே இறந்துவிட்டார், அவர் எழுதியதற்கு இனி யாரும் உரிமை கேட்க முடியாது. ஆனால் வாசித்துப் பதிவு செய்தவர்களுக்கு உரிமை உண்டே! போன தடவை இருபது விநாடி போட்டதற்கே காப்பிரைட் எச்சரிக்கை வந்துவிட்டது. அதனால் வாயாலேயே சொல்கிறேன், நீங்கள் அப்புறம் ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள்.

வல்தாவா என்பது செக் நாட்டின் மிக நீளமான ஆறு, சுமார் 430 கிலோமீட்டர். ஸ்மெத்தனா அதை ஊற்றுக்கண்ணிலிருந்து பிராக் நகரம் வரைக்கும் பன்னிரண்டு பதிமூன்று நிமிடத்தில் ஓடவிடுகிறார்.

முதலில் ஒரே ஒரு புல்லாங்குழல், சுருள் சுருளாக. அப்புறம் இன்னொரு குழல் வந்து பின்னிக்கொள்ளும். வயலின்காரர்கள் வில்லை விட்டுவிட்டு விரலால் சுண்டுவார்கள், கூடவே யாழ் போன்ற ஹார்ப். துளி தெறிக்கிற மாதிரி இருக்கும். அடுத்து கிளாரினெட் என்ற ஊதுகருவிகள். அதாவது ஆற்றின் இரண்டு ஊற்றுகள்: குளிர்ந்தது ஒன்று, வெதுவெதுப்பானது ஒன்று, இரண்டும் கலக்கின்றன. அந்தச் சலசலப்பு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும்போது, மேலே ஓபோ என்ற ஊதுகருவியும் வயலினும் அந்தப் பெரிய மெட்டை எடுக்கும். ஆறு எந்த இடத்தில் ஆறானது என்று இன்றுவரை என்னால் விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை.

பிறகு காட்டில் வேட்டைக்காரர்களின் ஊதுகொம்பு. கரையோரக் கிராமத்தில் கல்யாணம், போல்கா நடனம். நிலா வெளிச்சத்தில் நீர்மகளிர். வேட்டை எனக்குச் சுமார்தான். நிலவுப் பகுதியைத் தவறவிடாதீர்கள், வயலின்களின் ஒலியை அடக்கி வைத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார்.

சரி, நான் வீடியோ போட வந்ததே அடுத்த இடத்துக்காகத்தான். புனித யோவான் பாய்ச்சல். பிராகுக்குத் தெற்கே, பாறைகளுக்கு நடுவே ஆறு நுரைத்துக்கொண்டு பாய்ந்த இடம். பித்தளைக் கருவிகள், பெரிய முரசு, ஜால்ரா, பிக்கலோ என்ற சின்னப் புல்லாங்குழல் எல்லாம் ஒன்றோடொன்று மோதும். இப்போது அங்கே போனால் அந்தப் பாய்ச்சல் இல்லை. 1940களில் ஷ்டெஹோவிட்ஸேயில் கட்டி முடித்த அணையின் நீர் அதை மூடிவிட்டது. மேலே அமைதியான நீர்த்தேக்கம். இரைச்சல் ஸ்மெத்தனாவின் தாளில் மட்டும்.

தாளில் எழுதிய அந்த இரைச்சலை ஆர்க்கெஸ்ட்ரா வாசித்து அவர் கேட்டதில்லை. 1874 அக்டோபரில் இரண்டு காதும் முழுதாகப் போய்விட்டன. நவம்பர் 20 அன்று இதைத் தொடங்கி, டிசம்பர் 8 அன்று முடித்துவிட்டார். பத்தொன்பதே நாள்! அடுத்த ஏப்ரலில் பிராகில் அரங்கேற்றம். கைதட்டலைக்கூடக் கண்ணால்தான் பார்த்திருப்பார்.

பாய்ச்சல் தாண்டியதும் சோகமான அந்தப் பெரிய மெட்டு மேஜர் என்ற பிரகாசமான சுரவரிசைக்கு மாறி, அகன்று, பிராகில் உள்ள விஷெஹ்ராட் கோட்டைக்கு வணக்கம் சொல்லிவிட்டு மெல்ல மெல்லத் தேய்ந்து போகும். அந்த இடத்தில் சரியாகக் கேட்கவில்லையே என்று வால்யூமைக் கூட்டிவிடாதீர்கள். கடைசியில் ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் சேர்ந்து ஓங்கி இரண்டு அடி அடிக்கும். முதல் தடவை கேட்டபோது என் டீ மடியில் கொட்டியது.