நூலகத்துக்கும் கோட்டைக்கும் இரவில் ஒளி

நேயர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்தின் பொது நூலகம், மணிக்கூட்டுக் கோபுரம், கோட்டை, பதினொரு மாடிக் கலாசார மையம் எல்லாம் ஒன்றுக்கொன்று நடை தூரத்தில்தான் நிற்கின்றன. ஆனால் கடைகள் பூட்டத் தொடங்கியதும் சனம் வீட்டுக்குப் பறக்கிறது, அந்தப் பகுதி வெறிச்சோடிவிடுகிறது. இந்தக் கட்டடங்களுக்கு முறையாக ஒளியூட்டினால் மாலைப் பொழுது நகரத்துக்குத் திரும்பக் கிடைக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

பிரான்சின் லியோன் நகரம் 1989இல் ஒளித் திட்டம் ஒன்றை வகுத்துத் தன் பாலங்களையும் பழைய கட்டடங்களையும் இரவில் துலங்கச் செய்தது. நாம் கார்த்திகை விளக்கீட்டுக்குச் சிட்டி விளக்கு ஏற்றுவதுபோல, டிசம்பர் 8ஆம் திகதி யன்னல்தோறும் விளக்கு வைக்கும் ஊர் அது. அந்த வழக்கம் 1852இல் தொடங்கியது.

நமது கோட்டை மதிலை அருகே போய்ப் பாருங்கள். பவளப்பாறையில் வெட்டிய முருகைக்கல், உடலெங்கும் துளை, வரி, சிறு குழி. எதிரே நின்று வெள்ளொளியைப் பாய்ச்சினால் எல்லாம் தட்டையாகிவிடும். மதிலின் அடியிலிருந்து, கல்லை உரசிக்கொண்டு மேலே ஏறும்படி, ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் 3,000க்கு மேற்படாத இளமஞ்சள் ஒளி வைக்க வேண்டும். அப்போது துளைக்குத் துளை நிழல் விழும். நிறம் மாறி மாறி மின்னும் விளக்குகளைத் திருவிழாவுக்கு விட்டுவிடுவோம்.

நூலகத்தைப் பற்றிப் பேசும்போது என் குரல் தழுதழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு அது எரிந்த வெளிச்சத்தைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த வெள்ளைக் கட்டடத்தை, முன்னே அமர்ந்திருக்கும் சரஸ்வதியோடு, அமைதியான ஒளியில் அவர்கள் பார்க்க வேண்டும்.

மின்சாரம் வீணாகாதா என்று கேட்பீர்கள். போர்க்காலத்தில் மின்சாரமின்றி ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட ஊர் இப்படிக் கேட்பது நியாயமே. எல்இடி விளக்குக்குச் செலவு குறைவு. இரவு பதினொரு மணிக்கு அணைத்துவிடலாம். பண்ணைக் கடலேரிக்கு வரும் பறவைகளுக்கும் இருள் வேண்டும்.

விளக்கு மட்டும் போட்டுவிட்டுப் போனால் பயனில்லை. நடைபாதைக்கு வெளிச்சம், முதியவர் உட்கார வாங்கு, பெண்கள் பயமின்றி வீடு திரும்ப இரவு பஸ் ஆகியவையும் அதே திட்டத்தில் சேர வேண்டும். மாநகரசபை முதலில் மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து பஸ் நிலையம் வரையாவது இதைச் செய்து பார்க்கட்டும்.

நன்றி, வணக்கம்.