நனைஞ்சு போகாத மரக்கறி கிரில் சாண்ட்விச்: தோசைக்கல்லே போதும்

[காட்சி: பனி படிந்த ஜன்னல். அடுப்பில் தோசைக்கல்.]

வணக்கம். நுவரெலியாவில இந்த நேரம் அடுப்படிக்குள்ள வந்தா கை விறைச்சுப் போகுது. இந்தக் குளிருக்கு மொறுமொறுன்னு ஒரு சாண்ட்விச்சும் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயும் இருந்தா போதும். கிரில் மெஷின் தேவையில்ல.

வீட்டுல செய்யிற நிறையப் பேர் சொல்ற குறை ஒண்ணுதான். மேல கருகிடுது, உள்ள சொதசொதன்னு இருக்கு. காரணம் தண்ணி. பாண்ல ஈரம் இருக்கிற வரைக்கும் அந்த இடம் 100 பாகையைத் தாண்டாது. பொன்னிறமும் அந்த வறுத்த வாசனையும் வர 140 பாகையாவது வேணும். அதனால உள்ள வைக்கிற எல்லாத்துலயும் ஈரத்தை முதல்லயே எடுத்துடணும்.

[காட்சி: லீக்ஸ் தண்டை நீளவாக்கில் பிளக்கும் கை.]

நாலு சாண்ட்விச்சுக்கு ரெண்டு லீக்ஸ். தண்டு வெள்ளையா நீளமா வரணும்னு மண் அணைச்சு வளர்க்கிற பயிர் இது. அதனால மடிப்புக்குள்ள மண் போய் உக்காந்திருக்கும். மேலால கழுவினா போகாது. இப்படி ரெண்டாப் பிளந்து, விரலால மடிப்பு மடிப்பா விலக்கிக் கழுவுங்க. பாருங்க, கறுப்பா எவ்வளவு வருது.

மெல்லிசா அரிஞ்சு, கொஞ்சம் பட்டர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுச் சின்னத் தணல்ல வதக்குங்க. மூடி போடாதீங்க, ஆவி திரும்ப உள்ளயே விழும். சட்டி நிறைய இருந்தது 12, 15 நிமிசத்துல ஒரு கைப்பிடியா சுருங்கிடும். இந்த இடத்துல அவசரப்படாதீங்க, இனிப்பு இங்கதான் வருது. கடைசியா மிளகுத்தூள்.

உருளைக்கிழங்கு ரெண்டு, தோலோட அவிக்கணும். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். இங்க தண்ணி 94 பாகைக்குக் கிட்டவே கொதிச்சிடும். கொழும்புல இருக்கிற அக்கா சொல்ற நேரத்துக்கு இறக்கினா நடுவுல கடுக்குன்னு இருக்கும். கத்தி குத்திப் பார்த்துட்டே இறக்குங்க. தோலை உரிச்சு, வெறும் சட்டியில ரெண்டு நிமிசம் பிரட்டி ஈரத்தை விரட்டிட்டு, ஒண்ணும் பாதியுமா மசிங்க.

[காட்சி: அம்மியில் சம்பல்.]

இனி உசிரான சங்கதி, தேங்காய்ச் சம்பல். அரை மூடித் தேங்காய்ப்பூ, அஞ்சு செத்தல் மிளகாய், உப்பு. மரக்கறிச் சாப்பாடுங்கிறதால மாசிக் கருவாடு இல்ல. அந்த ருசிக்கு ஈடா நாலு சின்ன வெங்காயத்தைத் தோலோட தணல்ல சுட்டு, உரிச்சு வச்சு அரைங்க. புகை வாசனை நல்லாவே ஏறும். தேசிக்காய்ப் புளி சில சொட்டுக்கு மேல வேணாம். அரைச்சதை வெறும் தோசைக்கல்லுல போட்டு உதிரியாகிற வரைக்கும் பிரட்டி எடுங்க.

பாண் நேத்து வாங்கினதா இருந்தா நல்லது. இன்னைக்குச் சுட்ட பாண் அமுக்கினதும் நசுங்கிடும். ரெண்டு துண்டுலயும் உள்பக்கம் சீஸ் வைங்க, நடுவுல கிழங்கு, லீக்ஸ், சம்பல். சீஸ் உருகி ஈரம் பாணுக்குப் போகாம தடுக்கும், ரெண்டு பக்கத்தையும் ஒட்டியும் வைக்கும். தக்காளி கேக்கிற பிள்ளைங்களுக்கு விதையை வழிச்சுட்டுச் சதையை மட்டும் வைங்க. எனக்கு அது இல்லாமலே பிடிக்கும்.

[காட்சி: கல்லின் மேல் சாண்ட்விச். கிட்டத்தில் சத்தம்.]

வெளிப்பக்கம் ஓரம் வரைக்கும் பட்டர் தடவி, மிதமான சூட்டுல கல்லுல வைங்க. மேல ஒரு சின்னச் சட்டியில தண்ணி ஊத்திப் பாரமா வைங்க. இப்ப காதைக் கொடுங்க. ‘உஸ்ஸ்’னு சத்தம் வருதா? தண்ணி இன்னும் போய்க்கிட்டிருக்கு. அந்தச் சத்தம் அடங்கும்போது ஓரத்தைத் தூக்கிப் பாருங்க. ஏறக்குறைய நாலு நிமிசம். நிறம் வந்திருந்தா திருப்புங்க. தீயைக் கூட்டிடாதீங்க, சீஸ் உருகிறதுக்குள்ள பாண் கருகிடும்.

எடுத்ததும் தட்டுல படுக்க வைக்கக் கூடாது, அடியில ஆவி அடைச்சு இளகிடும். ரெண்டை ஒண்ணுக்கொண்ணு சாய்ச்சுக் கூரை மாதிரி நிறுத்துங்க. ரெண்டு நிமிசம் கழிச்சுக் குறுக்கே வெட்டுங்க. பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் கொடுக்கிறதா இருந்தா நல்லா ஆறின பிறகு தாளில சுத்துங்க. சூட்டோட டப்பாவுல போட்டு மூடிடாதீங்க.