குண்டூரில் பிறந்த ஒரு டீச்சர்

கல்லூரி முதல்வர் அவர்களே, எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியைகளே, பழைய பேட்ச் தோழிகளே, கடைசி வரிசையில் சீருடையோடு உட்கார்ந்திருக்கும் தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

பழைய மாணவியர் கூட்டத்தில் பேச வேண்டும் என்று சொன்னதுமே எனக்கு அன்னா உல்ஃப் நினைவுக்கு வந்துவிட்டார். அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் செவிலியர் பள்ளியை 1940 முதல் 1955 வரை நடத்தியவர். பிறந்தது நம்ம பக்கம்தான். அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில், 1890இல். அப்பா அங்கே லூத்தரன் மிஷனரி.

அந்தப் பள்ளி தொடங்கியது 1889இல். அன்னா அங்கே படித்து 1915இல் வெளியே வந்தார். அப்புறம் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு. அங்கே செவிலியர் கல்வித் துறையை நடத்தியவர் அடிலெய்டு நட்டிங். உலகத்திலேயே செவிலியர் கல்விக்கு முதல் பேராசிரியர் அந்த அம்மாள்தான். அவரும் ஹாப்கின்ஸ் மாணவி, முதல் பேட்ச். பிறகு அதே பள்ளிக்குத் தலைமை ஏற்று, 1896இல் படிப்பை மூன்று வருஷமாக்கி, மாணவிகளின் வேலை நேரத்தை எட்டு மணியாகக் குறைத்தவர்.

எட்டு மணி நேரத்துக்காக ஒருவர் ஏன் அவ்வளவு பாடுபட வேண்டும்? இங்கே இருக்கும் மூத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்துச் செவிலியர் பள்ளி என்றால் அது மருத்துவமனையின் ஒரு பகுதி. தனி நிதி கிடையாது. வார்டை ஓட்டியதே மாணவிகளின் உழைப்புதான். நான் படித்தபோதும் வகுப்பில் உட்கார்ந்ததைவிட நைட் டியூட்டி பார்த்ததுதான் அதிகம். விடியற்காலை டெம்பரேச்சர் எடுத்து முடித்து, கண் எரிய எரிய எட்டு மணி வகுப்புக்கு ஓடுவோம். எனக்கு அனாட்டமி பாதி அப்படித்தான் தூக்கத்தில் போனது. பள்ளிக்கென்று சொந்த நிதியும் ஆசிரியர்களும் வேண்டும் என்று நட்டிங் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது இதனால்தான்.

அன்னா சீனாவின் பீக்கிங்கில், இன்றைய பெய்ஜிங்கில், செவிலியர் பள்ளியைக் கட்டி எழுப்பினார். சிகாகோ, நியூயார்க் என்று பெரிய பொறுப்புகள் பார்த்தார். 1940இல், ஐம்பது வயதில், படித்த பள்ளிக்கே திரும்பி வந்தார். வந்ததும் போர். 1942இல் ஹாப்கின்ஸின் டாக்டர்களும் நர்ஸ்களும் இரண்டு ராணுவ மருத்துவப் பிரிவுகளாகப் பசிபிக் பகுதிக்குக் கிளம்பிவிட்டார்கள். இருப்பவர்களை வைத்து வார்டும் நடக்க வேண்டும், வகுப்பும் நடக்க வேண்டும். அந்த நெருக்கடியிலும் அவர் விடாத கோரிக்கை ஒன்று உண்டு: இந்தப் பள்ளி பல்கலைக்கழகத்தின் பள்ளியாக வேண்டும், எங்கள் பெண்களுக்குப் பட்டம் வேண்டும்.

கிடைக்கவில்லை. 1955இல் ஓய்வு பெற்றார். 1973இல் அந்தப் பள்ளியையே மூடிவிட்டார்கள்.

படித்த பள்ளி, பாடம் நடத்திய பள்ளி, பதினைந்து வருஷம் தலைமை தாங்கிய பள்ளி. 83 வயதில் அது மூடப்படுவதைக் கேட்பது எப்படி இருந்திருக்கும்! இதைச் சொல்லும்போது எனக்கே தொண்டை அடைக்கிறது.

ஆனால் பழைய மாணவியர் சங்கத்தை அந்தப் பெண்கள் கலைக்கவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன். பள்ளியே இல்லை, புது பேட்ச் வரப்போவதும் இல்லை. இருந்தும் கூடினார்கள். பட்டப்படிப்பு வேண்டும் என்று பல்கலைக்கழகத்தை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பத்து வருஷம். 1983இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் அங்கமாகச் செவிலியர் பள்ளி மறுபடி பிறந்தது. கேரல் கிரே முதல் டீன். அடுத்த வருஷம் மாணவிகள் வந்து சேர்ந்தார்கள். அப்போது அன்னா உல்ஃப் உயிரோடு இருந்தார். தொண்ணூறைத் தாண்டிய வயது.

இன்று அங்கே அவர் பெயரில் ஒரு பேராசிரியர் இருக்கை இருக்கிறது. குடும்ப வன்முறையில் சிக்கிய பெண்ணின் உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று கணிக்கும் முறையை உருவாக்கிய ஜாக்குலின் கேம்ப்பெல் அந்த இருக்கையில் இருந்தவர். நர்ஸ்தான் அவரும்.

நம் சங்கத்தின் பதிவேட்டை வாசல் பக்கத்து மேசையில் வைத்திருக்கிறார்கள். பாதிப் பக்கங்கள் காலியாகக் கிடக்கின்றன. சாப்பாட்டுக்குப் போகும் முன் பெயர், படித்து முடித்த வருஷம், போன் நம்பர் மூன்றையும் எழுதிவிட்டுப் போங்கள். எங்கள் பேட்ச்சில் விட்டுப்போன பதினோரு பேரை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். யாருக்காவது தகவல் தெரிந்தால் இங்கேயே, இப்போதே சொல்லுங்கள்.